பின்னால் வருகிறவன்

சவரம் செய்யாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. கல்லூரி விடுதியில் ஏற்பட்ட பழக்கம். அன்றும் விடிந்ததும் எழுந்து அடுப்பில் சுள்ளி வைத்து வெந்நீர் போட்டேன். ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டேன். முந்தின நாள் களி கொஞ்சம் மீந்திருந்தது. மோரில் கரைத்துக் குடித்தேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். மலையில் மாசி மாதத்துக் காலை குளிராக இருக்கும் என்பதால் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். இடுப்பில் வாரைக் கட்டினேன். வாரில் தோல் உறை இருந்தது. உறைக்குள் கடுக்காய் நிறுக்கும் எடைக்கல் ஒன்றை வைத்துப் பொத்தானைப் போட்டேன். கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிச் செருகிக்கொண்டேன். கதவைப் பூட்டினேன்.

படித்தவர்தானே, நடந்ததை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். தீர்த்தகிரியைச் சுட்டது நான்தான். அதை ஸ்டேஷனுக்குள் நுழைந்ததுமே சொல்லிவிட்டேன். ஏன் என்றுதான் கேட்டீர்கள். அதற்குத் துப்பாக்கி என்னிடம் வந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

என் பெயர் கோபால். என் அப்பா ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி ஆலங்காயத்தில் நிலம் பிடித்துக் குடியேறியவர். எங்கள் வகையறாவில் பி.ஏ. முடித்தவன் நான் ஒருவன். படித்துவிட்டு வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழில் செய்யும் அப்துல் கய்யூம் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். தோல் பதப்படுத்தக் கடுக்காய் வேண்டும். மலைக்காரர்கள் பொறுக்கி வருவதை எடை போட்டு வாங்கிக் கீழே அனுப்புவது என் வேலை. மலைமேல் ஈச்சங்கொல்லை என்ற ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஓட்டு வீடும் கிடங்கும் கொடுத்திருந்தார். அந்த ஊரிலேயே செந்தாமரையைக் கட்டிக்கொண்டேன். அதனால் ஊரே என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது.

கல்யாணமான வருஷம் மலைப் பாதையில் வேறொரு முதலாளியின் ஆளை அடித்துப்போட்டுப் பையைப் பிடுங்கினார்கள். கய்யூம் பாய் பயந்துவிட்டார். தெரிந்தவர்களைப் பிடித்து என் பெயரில் உரிமம் வாங்கி, சென்னையிலிருந்து பழைய ரிவால்வர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதற்கு உறையும் தைத்துக் கொடுத்தார். நான் அனுப்பிய கடுக்காயில் பதமான தோல். அதை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருடைய தொழிற்கூடத்து வாசலிலேயே பேச்சு நடந்தது.

"இடுப்பு மேல கட்டு தம்பி," என்றார் பாய். "பாத்த ஒடனே அவன் ஒதுங்கிப் பூடணும். புலி வேஷம் கட்டுறவன் வாலை வேட்டிக்குள்ள சுருட்டி வெப்பானா?"

ஜீப் ஓட்டும் லத்தீப் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஜீப்புல போறவருக்கு அது சரி பாய். இவரு காட்டுல ஒண்டியா நடக்கறவரு. வெளிய தெரிஞ்சா பின்னாலேர்ந்து மண்டைல ஒரு கட்டை. அப்புறம் துப்பாக்கி அவன் கையில."

"நீ டிரைவரா, டி.எஸ்.பி.யா?"

"ரெண்டும் இல்ல பாய். ஒதை வாங்குனவன்."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முதலில் பாய் சொன்னபடி வெளியே கட்டிக்கொண்டேன்.

ஈச்சங்கொல்லையில் துப்பாக்கி புதிதல்ல. ஆள் உயரத்துக்கு நாட்டுத் துப்பாக்கிகள் பல வீடுகளில் உண்டு. கரடிக்கும் பன்றிக்கும் வைத்திருப்பார்கள். எல்லாருக்கும் தெரியும்படி தோளில் போட்டுக்கொண்டுதான் நடப்பார்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வேங்கை மரம் இருக்கிறது. அதில் முளைகள் அடித்திருக்கும். வெளியே போய்விட்டு வருகிறவன் துப்பாக்கியை அந்த முளையில் மாட்டிவிட்டு ஊருக்குள் போவான். யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

நான் உறையோடு முதல் நாள் போனபோது, வேங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். என் மாமியார் மங்கம்மாள், "இடுப்புல இன்னா மாப்ள, சொம்பு கட்டினு வந்துக்கிறீங்க?" என்று கேட்டாள். அங்கே உட்கார்ந்திருந்த மாதையன், "மாப்ள சினிமால சேந்துட்டாரு," என்றான். தீர்த்தகிரி எழுந்து வந்து உறையைக் குனிந்து பார்த்தான். நாற்பது வயது இருக்கும் அவனுக்கு. செந்தாமரைக்கு அண்ணன் முறை.

"இத்தினூண்டு வெச்சினு கரடி எதுருல நிக்காதீங்க மாப்ள," என்றான். "அது சிரிச்சே செத்துடும். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

ஊர் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வெளியே கட்டவில்லை. பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று ஊரில் சொன்னேன். உறையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, துப்பாக்கியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். சிரித்ததற்காக இல்லை. யோசித்துப் பார்த்ததில் லத்தீப் சொன்னதே சரி என்று பட்டது.

செந்தாமரைக்கு மட்டும் தெரியும். ஒரே வீட்டில் மறைக்க முடியாது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"வெளிய கட்டுங்க, இல்லன்னா குடுத்துடுங்க," என்றாள். "எங்க ஊருல துப்பாக்கி வெச்சிருக்கறவன் தோள்ல போட்டுனு வருவான். ஒளிச்சி வெச்சினு வர்றவன், எதையோ நெனச்சினு வர்றான்."

நான் பொறுமையாக விளக்கினேன். வெளியில் தெரிகிற ஆயுதம் பயத்தை மட்டும் கொடுக்கும், தெரியாத ஆயுதம் இருந்தால் முடிவு நம் கையில் இருக்கும் என்றேன்.

"இன்னா முடிவு?" என்று கேட்டாள்.

அவள் ஏழாவது வரை படித்தவள். கேள்வி மட்டும் நேராகக் கேட்பாள்.

ஐப்பசியில் அவளுக்கு வலி வந்தது. விடியும் நேரம். தீர்த்தகிரியின் மனைவி குப்பம்மாதான் ஊரில் பிரசவம் பார்ப்பவள். அவளைக் கூட்டி வந்தேன். வெகு நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, "புள்ள குறுக்கால கீது. இது என் கையில இல்ல. கீழ தூக்கினு போங்க," என்றாள். ஆலங்காயத்துக்குத் தார் ரோடு தொடங்கும் இடம் வரை காட்டுப் பாதை. கடுக்காய் ஏற்ற லத்தீப் ஜீப்போடு அன்று அங்கே வந்து நிற்பான். அதுவரை டோலியில்தான் கொண்டுபோக வேண்டும். கம்பளியை மூங்கில் கழியில் கட்டி, முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேர் தோள் கொடுத்துத் தூக்குவார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஈச்சங்கொல்லையில் டோலி கிளம்பினால் துப்பாக்கி வைத்திருப்பவன் முன்னால் போவான். கரடி வந்தால் அவன் பார்த்துக்கொள்வான். பின்னால் வருகிறவன் எதையும் வைத்திருக்கக் கூடாது. அரிவாள்கூட ஆகாது. கழியைத் தோளில் வைத்தவனால் திரும்பிப் பார்க்க முடியாது. கையை எடுக்கவும் முடியாது. அவன் பிடரி பின்னால் வருகிறவனிடம் இருக்கிறது. அதனால் டோலியை எடுப்பதற்கு முன் முதல் ஆள் சத்தமாகக் கேட்பான். பின்னால் வருகிறவன் மடியை உதறிக் காட்டிப் பதில் சொல்வான். அப்புறம்தான் கழி தோளுக்கு ஏறும்.

அன்று முதல் ஆள் தீர்த்தகிரி. நாட்டுத் துப்பாக்கியும் அவன் தோளில்தான் இருந்தது. "பின்னால வர்றது யாரு? கையில இன்னா, மடியில இன்னா?" என்று கேட்டான்.

"நான்தான். ஒன்னும் இல்லை," என்றேன்.

பின் கழியில் நின்ற மாதையன், "பேண்ட்டு போட்டவருக்கு உதர்றதுக்கு மடி ஏது? நம்ம மாப்ளதான, தூக்குங்கடா," என்றான். தூக்கினார்கள்.

ஏன் பொய் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். திருப்பிக் கொடுத்துவிட்டதாக முன்பே சொல்லியிருந்தேன். அதோடு, மறைத்து வைப்பதன் பயனே மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பதில்தான் இருக்கிறது. கேட்டவுடன் எடுத்துக் காட்டுவதற்கு மறைப்பானேன்.

பாதி வழியில் ஒரு தட்டைப் பாறை உண்டு. அங்கே டோலியைக் கீழே இறக்கினார்கள். மூன்று பேர் போய்விட்டார்கள். தீர்த்தகிரி மட்டும் நின்றான். டோலி மறுபடி எழவில்லை. செந்தாமரை அந்தப் பாறையருகே செத்துப்போனாள். பிள்ளை வெளியே வரவே இல்லை.

கடைசியாக அவள் வாயிலிருந்து வந்தது தீர்த்தகிரியின் பெயர். அவள் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். கய்யூம் பாயிடமும் சொன்னேன். மங்கம்மாள் அழுதுகொண்டே, "அவன்தான தூக்கினு போனான். அவனத்தான் கூப்புடுவா," என்றாள். பாய் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சாகப்போகிறவள் ஒருவன் பெயரைச் சொல்கிறாள் என்றால் காரணம் இல்லாமல் சொல்லமாட்டாள். தூக்கி வந்தவன் அவன். இறக்கியவனும் அவன். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மாதையன் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பான். அதற்கும் வருகிறேன்.

காரியம் முடிந்த பிறகு ஆலங்காயத்துக்கு வந்துவிடும்படி என் அப்பா கூப்பிட்டார். போகவில்லை. கடுக்காய் காய்க்கும் பருவம் வரப்போகிறது, வேலை இருக்கிறது என்றேன். நான் மலையிலேயே தங்கியதற்குக் காரணம் தீர்த்தகிரி மலையில் இருந்ததுதான். அப்போதிருந்து எனக்குச் செய்வதற்கு ஒரு காரியம் இருந்தது. மற்றவர்கள் நினைப்பதுபோல் நான் துக்கத்தில் தூங்காமல் கிடக்கவில்லை. நன்றாகவே தூங்கினேன்.

அப்போதுதான் அந்தப் பழைய விஷயம் மறுபடி வந்தது. வெளியே தெரிய வைத்துக்கொள்வதா, உள்ளே வைத்துக்கொள்வதா?

வெளியே வைத்துக்கொண்டு அவன் முன்னால் போக முடியாது. டோலிக்குப் பிறகு ஊருக்கு என்மேல் ஒரு கண் இருந்தது. வேங்கை மரத்தைத் தாண்டும் முன்பே யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள். உள்ளே வைத்துக்கொண்டும் போக முடியாது. நான் உள்ளே வைத்திருப்பவன் என்பது இப்போது ஊருக்குத் தெரியும். என் கை ஸ்வெட்டர் பக்கம் போனாலே பேச்சு நின்றுவிடும். லத்தீப் சொன்னதும் பாய் சொன்னதும் தனித்தனியாக உதவாமல் போயின. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் சரியாக வரும் என்று கொஞ்ச நாளில் புரிந்தது.

பெட்டியிலிருந்து உறையை எடுத்து எண்ணெய் தடவினேன். துப்பாக்கியை அதில் போட்டு, இடுப்பில் எல்லாரும் பார்க்கக் கட்டிக்கொண்டு ஈச்சங்கொல்லைக்குப் போனேன். வேங்கை மரத்தடியில் நின்று வாரோடு கழற்றி முளையில் மாட்டினேன். கையை விரித்துக் காட்டினேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. தீர்த்தகிரி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மாப்ள, வூட்டுக்கு வாங்க," என்றான். குப்பம்மா சாமைச் சோறு போட்டாள். செந்தாமரைக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு அடிக்கடி போனேன். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டினேன். ஊருக்கு அது பழகிவிட்டது. "மாப்ள மனசு தெளிஞ்சிடுச்சு," என்று மங்கம்மாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாதையன்கூட என்னிடம் பீடி கொடுத்து, "பொண்டாட்டி துடிக்கறப்ப எவனுக்கு புத்தி நிக்கும்? நாங்களும் ஓடியிருக்கக் கூடாது," என்றான். பரவாயில்லை என்றேன். மாதையன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஓடினவர்கள்மேல் வருத்தம் இல்லை. அவர்கள் ஒன்றையும் கேட்கவில்லை.

மாசியில் கிடங்கில் மூட்டைகள் சேர்ந்தன. அன்று காலை நான் முன்பு சொன்னபடி கிளம்பினேன். வேங்கை மரத்தில் உறையை மாட்டினேன். எடைக்கல் உள்ளே இருந்ததால் முளையில் அது வழக்கம்போலவே கனமாகத் தொங்கியது. தீர்த்தகிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒரு மூட்டைக் கடுக்காய் அவசரமாக ரோட்டுக்குப் போக வேண்டும். ஆள் கிடைக்கவில்லை. நீங்கள் முன்னால் கழி பிடித்தால் நான் பின்னால் பிடித்துக்கொள்வேன்," என்றேன்.

"காலேஜ் படிச்ச தோளு, கழி தாங்குமா?" என்று கேட்டான். ஆனால் உடனே துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தோளில் போட்டுக்கொண்டான்.

கிடங்கிலிருந்து மூட்டையைக் கழியில் கட்டினோம். தூக்கும் முன், மூட்டைக்கு அந்தக் கேள்வி இல்லை என்று தெரிந்திருந்தும், நானாகவே கையை விரித்தேன். அவன் சிரித்தான். "இன்னா மாப்ள இது? வேங்கைல மாட்னத என் கண்ணால பாத்தேனே. நடங்க, நடங்க."

அவன் முன்னால் நடந்தான். நான் பின்னால் நடந்தேன். பழக்கமில்லாததால் எனக்குத் தோள் வலித்தது. ஏற்றத்தில் அவன் கழியைத் தன் பக்கம் இழுத்துச் சுமையின் பெரும்பாகத்தை எடுத்துக்கொண்டான். அதை நான் கவனித்தேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறதாம். பையன் ஒடுகத்தூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறானாம். "கடைய பாத்தேன். நாலு சைக்கிளு, மூணு பஞ்சரு. நீங்க ஒரு தரம் வந்து பாருங்க மாப்ள. உங்களுக்குத்தான் ஆள எட போடத் தெரியும்," என்றான். வருகிறேன் என்றேன்.

தட்டைப் பாறையருகே வந்ததும் இளைப்பாறக் கேட்டேன். மூட்டையை இறக்கினோம். அவன் உட்காரவில்லை. பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனே பேச்செடுத்தான்.

"நான் ஒன்னு சொல்லணும் மாப்ள. இத்தினி நாளா நேரம் வர்ல. அன்னிக்கி தங்கச்சி சொன்னத நான் வெளிய வுடல. குப்பம்மா எத்தினியோ தரம் கேட்டா. அவகிட்ட கூட சொல்லல. வலில சொன்னது. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க."

நான் அவனைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் நினைவில் இருந்தது. ஒருவேளை அன்றைய கலவரத்தில் அவனுக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று நான் நினைத்துக்கொண்டதுண்டு. கேட்டிருக்கிறது. என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், எனக்குச் சோறு போட்ட ஒவ்வொரு தடவையும், அவனுக்கு அது கேட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்மேல் இரக்கப்பட்டிருக்கிறான்.

"சரி மச்சான், தூக்குங்கள்," என்றேன்.

அவன் கழியைத் தோளில் ஏற்றினான். சுமை அவன்மேல் நன்றாக அமர்ந்த பிறகு, ஒரு கையால் கழியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுட்டேன். இரண்டாவது தடவை சுட வேண்டியிருக்கவில்லை. காட்டில் வெடிச் சத்தம் கேட்பது அங்கே வழக்கம். யாரும் வரவில்லை.

மூட்டை பிரிந்து கடுக்காய் பாதையில் சிதறியது. அவற்றைப் பொறுக்கி மூட்டையில் போட்டுக் கட்டினேன். அது கய்யூம் பாயின் பொருள். அப்புறம் வாரை எடுக்க வேங்கை மரத்துக்குத் திரும்பினேன். குப்பம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா? அவரு எங்க?"

"பாறைகிட்ட இருக்காரு," என்றேன். அது பொய் இல்லை.

உறையிலிருந்த எடைக்கல்லை எடுத்துக் கிடங்கில் வைத்துவிட்டு, துப்பாக்கியை உறையில் போட்டு, எல்லாரும் பார்க்க இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தேன். உங்கள் மேசையில் அதை வைத்ததும் நான்தான்.

இனி மாதையன் சொன்னது. அவன் சொன்னது சரி. அவர்கள் டோலியைத் தாங்களாக விட்டுவிட்டுப் போகவில்லை. பாதை வழுக்கியதால் தோள் மாற்றுவதற்காகப் பாறையருகே இறக்கினார்கள். மாதையன் மூச்சு வாங்க ஒரு நிமிஷம் உட்கார்ந்தான். செந்தாமரை கத்திக்கொண்டிருந்தாள். எழுந்திரு என்றேன். இதோ மாப்ள என்றானே தவிர எழவில்லை. நான் சட்டைக்குள் கையை விட்டுத் துப்பாக்கியை எடுத்துக் காட்டினேன். தூக்கு என்றேன். அவர்களை விரைவுபடுத்தத்தான். யாரையும் சுடும் எண்ணம் இல்லை.

அவர்கள் துப்பாக்கியைப் பார்த்துப் பயந்ததாக நான் நினைக்கவில்லை. அவர்கள் வீட்டிலெல்லாம் துப்பாக்கி இருக்கிறது. அது என் சட்டைக்குள்ளிருந்து வந்ததைப் பார்த்தார்கள். ஊரிலிருந்து அதுவரை அது தங்கள் பிடரிக்குப் பின்னால் வந்திருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்தது. மூன்று பேரும் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள்.

துப்பாக்கியோடு முன்னால் போனவன் தீர்த்தகிரி. ஒரு தோளில் கழி, மறு தோளில் தன் நாட்டுத் துப்பாக்கி. அவன் ஓடவில்லை. தன் துப்பாக்கியைக் கழற்றித் தரையில் வைத்தான். அதைத் தொடாமல் தள்ளி நின்றான். பின் கழிக்காரர்களும் அவனோடு முன்னால் தோள் கொடுத்தவனும்தான் போனார்கள்.

"அத உள்ள வைங்க மாப்ள. நேரமாவுது. நான் ஒண்டியா முதுகுல தூக்கினு போறேன். கீழ எறக்கம்தான், பூடலாம்," என்றான்.

அவனால் முடியும். அவன் பன்றியை முதுகில் போட்டுக்கொண்டு மலை ஏறி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவன் கம்பளிப் பக்கம் குனிந்தான். செந்தாமரை கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்ததைப் பார்த்தாள். பிறகு அவனிடம் பேசினாள்.

அதன் பிறகு நான் பாதையின் குறுக்கே நின்றேன். அவளை எடுக்காதே என்றேன். துப்பாக்கியை அவன் பக்கம் பிடித்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. அவன் கையெடுத்துக் கும்பிட்டான். செந்தாமரையின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டான். கூட வாங்க மாப்ள, நீங்களே ஒரு பக்கம் புடிங்க என்றான். நான் நகரவில்லை. மழை விட்டபோது அவள் கத்தவில்லை. கீழே ரோட்டில் ஜீப்பின் ஹாரன் விட்டு விட்டுக் கேட்டது.

ஏன் வழிவிடவில்லை என்பதற்கு என்னிடம் காரணம் உண்டு. எந்தக் கணவனாக இருந்தாலும் அந்த இடத்தில் நகர்ந்திருக்க மாட்டான் என்று இப்போதும் நினைக்கிறேன். தீர்த்தகிரியும் அன்று ஓடிப்போயிருந்தால், அவள் சொல்ல அங்கே ஆள் இருந்திருக்காது. அவள் என் மனைவியாகவே செத்திருப்பாள். அவள் கடைசியாகச் சொன்னது அவன் பெயர் என்று நான் எல்லாரிடமும் சொன்னது பொய் அல்ல. முழுதாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இனி அதைக் கேட்டவர்கள் யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன். அவள் சொன்னது இது:

"தீர்த்தகிரிண்ணா, என்ன நீ தூக்கினு பூடு. இவரு பின்னால வர வேணாம், எனக்கு பயமா கீது."